கோடாரிக்கும் எடைமேடைக்கும் நடுவே

ஓர் ஏக்கர் சவுக்குத் தோப்பை வளர்த்தெடுக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெட்டி முடிக்கச் சில நாட்கள் போதும். விவசாயியின் கைக்கு என்ன வரும் என்பதில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில் முடிவாகிறது. மரத்தைத் தரையிலிருந்து எந்த உயரத்தில் வெட்டுவது, எந்தப் பக்கம் சாய்ப்பது, பட்டையை எப்போது உரிப்பது, லாரியை எங்கே நிறுத்துவது, வெட்டிய எத்தனையாவது நாளில் எடை போடுவது என்ற ஒவ்வொரு கேள்வியிலும் மரமும் பணமும் கூடவோ குறையவோ செய்யும். இவற்றை வெட்டு மேஸ்திரியின் கைப்பழக்கத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், அளந்து ஒப்பிட்டு விடை சொல்வதுதான் மர அறுவடை ஆராய்ச்சியின் வேலை. அதற்கான பாதை, கருவி, இயந்திரம், போக்குவரத்து ஆகியவற்றைத் திட்டமிடுவது வனப் பொறியியல்.

தமிழ்நாட்டில் மர வளர்ப்பு ஆராய்ச்சி வெகுதூரம் முன்னேறிவிட்டது. நல்ல ரகங்கள் வந்திருக்கின்றன, ஒப்பந்த முறை வந்திருக்கிறது, காகித ஆலைகள் நாற்றுகளைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து தருகின்றன. வெட்டும் முறை மட்டும் அந்த வேகத்தில் மாறவில்லை. தோப்பை வளர்த்தவர் அதன் முழுப் பலனை அடையாமல் போவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

அளவீட்டில் பிறந்த துறை

மர அறுவடை என்றால் மரத்தை வீழ்த்துவது மட்டும் அல்ல. கிளை கழித்தல், துண்டு போடுதல், பட்டை உரித்தல், வெட்டிய இடத்திலிருந்து பாதைக்கு இழுத்து வருதல், அடுக்குதல், லோடு ஏற்றுதல், ஆலைக்குக் கொண்டுசேர்த்தல் என எல்லாம் இதில் அடங்கும். உலகெங்கும் நடந்த ஆய்வுகள் இந்த வேலைகளைப் பற்றி இரண்டு அடிப்படை உண்மைகளைத் திரும்பத் திரும்ப உறுதி செய்துள்ளன.

முதலாவது, மரம் சிறுத்தால் டன்னுக்கான வெட்டுச் செலவு ஏறும். ஒரு டன் மரத்தைப் பெரிய மரம் ஒன்றிலிருந்து எடுப்பதற்கும் நாற்பது மெல்லிய மரங்களிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாவது, வெட்டிய இடத்துக்கும் வண்டிப் பாதைக்கும் உள்ள தூரம் கூடினால் செலவு ஏறும். தூரத்தைக் குறைக்க நெருக்கமாகப் பாதை போடலாம். ஆனால் பாதைக்கும் பணம் வேண்டும், நிலமும் வேண்டும். இந்த இரு செலவுகளின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ, அந்த இடைவெளியில் பாதை அமைப்பதே சரி. அமெரிக்கரான டி.எம். மேத்யூஸ் 1942இல் மர வெட்டுத் தொழிலின் செலவுக் கட்டுப்பாடு பற்றி எழுதிய நூலில் இந்தக் கணக்கை முறைப்படுத்தினார். இன்றும் வனப் பொறியியல் பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

1892இல் தொடங்கிய உலக வன ஆராய்ச்சி அமைப்புகளின் ஒன்றியம் தன் பிரிவுகளில் ஒன்றை முழுக்க வனப் பணிப் பொறியியலுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஃபின்லாந்தில் 1945இலும் கனடாவில் 1975இலும் மர அறுவடைக்கென்றே தனி ஆய்வு நிறுவனங்கள் உருவாயின. மரத்தொழில் நிறுவனங்கள் பங்கு கொண்ட இந்த நிலையங்களின் ஆட்கள் ஆய்வுக்கூடத்தை விடக் காட்டில்தான் அதிகம் வேலை செய்தார்கள். கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு நடைக்கும் நேரம் குறிப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. இந்தியாவில் 1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. மர வெட்டுப் பயிற்சிக்கு ஐ.நா. உதவியோடு 1960களில் தனித் திட்டம் நடந்தது. கோடாரிக்குப் பதில் ரம்பம் பயன்படுத்தினால் அடிமரம் செதிலாகச் சிதறி வீணாவது குறையும் என்பது அந்தக் காலப் பயிற்சிகளின் முக்கியப் பாடங்களில் ஒன்று.

ஆனைமலைச் சரிவு

தமிழ்நாட்டில் வனப் பொறியியலின் பழைய தடம் ஆனைமலையில் இருக்கிறது. பம்பாய் கப்பல் கட்டும் தளத்துக்கும், பின்னர் ரயில் பாதைக் கட்டைகளுக்கும் தேக்கு தேவைப்பட்டது. ஆனைமலையில் தேக்குக்குக் குறைவில்லை. அதை மலையிலிருந்து இறக்குவதுதான் சிக்கல். 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இந்தக் காடுகளின் பொறுப்பை ஏற்ற காலத்திலிருந்து, பாதையும் சரிவும் யானையும் சேர்ந்த ஓர் இறக்கும் முறை உருவாகத் தொடங்கியது. யானைகள் கட்டைகளை மலை விளிம்புக்கு இழுத்து வந்தன. அங்கிருந்து அவை சரிவில் உருட்டிவிடப்பட்டன. சரிவின் உச்சியில் இருந்த அந்த இடம்தான் டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. அடிவாரத்தில் சேகரமான கட்டைகள் மாட்டு வண்டிகளில் சமவெளிக்குப் போயின.

தேக்கை வெட்டுவதிலும் ஒரு நுட்பம் இருந்தது. பச்சைத் தேக்கு கனமானது, நீரில் மிதக்காது. அதனால் வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதை அடுத்த வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். நீரோட்டம் அறுந்து, மரம் நின்றபடியே காயும். பின்னர் வெட்டினால் எடை குறைவு, இழுப்பது எளிது, ஆற்றில் விட்டால் மிதக்கும். பர்மாவிலும் மலபாரிலும் நடைமுறையில் இருந்த இந்த வளைய வெட்டு, போக்குவரத்துச் செலவைக் காட்டிலேயே குறைத்த உத்தி. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நிலம்பூரில், ஆட்சியர் கானொலியும் சாத்து மேனனும் 1840களில் தொடங்கிய தேக்குத் தோட்டங்களின் மரங்கள் சாலியாற்றில் மிதந்துதான் கோழிக்கோட்டுக் கல்லாயிக்குப் போய்ச் சேர்ந்தன.

இறக்கும் வழி எளிதானதும் வெட்டு மிகுந்தது, ஆனைமலைத் தேக்கு அருகியது. 1910களில் இந்தப் பகுதிக்கு வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட், வெட்டிய மரங்களின் தூரில் மறுதுளிர் வரவிட்டும், புதிதாக விதைத்தும் நட்டும் தேக்கை மீட்டெடுத்தார். 1933இல் இறந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப் அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில், அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அறுவடை முறையையும் மறுவளர்ப்பையும் ஒரே திட்டத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை ஆனைமலை இப்படித்தான் கற்றது.

தன் எடையால் ஓடிய டிராம்வே

ஆனைமலையின் மேற்குப் பக்கத்தில் கொச்சி சமஸ்தானம் இன்னும் பெரிய முயற்சியில் இறங்கியது. பரம்பிக்குளம் காடுகளின் மரத்தைச் சாலக்குடி ரயில் நிலையத்துக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள வன டிராம்வே 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் போடப்பட்டது. சமதளங்களில் நீராவி எஞ்சின் இழுத்தது. செங்குத்தான இடங்களில் எஞ்சினுக்கு வேலை இல்லை. மேலே ஒரு பெரிய உருளை, அதில் சுற்றிய எஃகு வடம், வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் காலி வண்டி. பாரவண்டி தன் எடையால் கீழே இறங்கும்போது காலி வண்டியை மேலே இழுத்துவிடும். எரிபொருள் செலவே கிடையாது, தடை போடும் ஆள் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

பொறியியலாகப் பார்த்தால் இது அழகான ஏற்பாடு. ஆனால் கணக்காகப் பார்த்தால் நிலைமை வேறு. இருப்புப்பாதையையும் பாலங்களையும் பராமரிக்கும் செலவு நிலையானது. அதைத் தாங்க ஆண்டுதோறும் பெருமளவு மரம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காடு அவ்வளவு தர முடியாமல் போனதும், லாரிச் சாலைகள் வந்ததும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிராம்வே கைவிடப்பட்டது. பெரிய முதலீட்டில் அமைக்கும் எந்த அறுவடை முறையும் தன் பசிக்கு ஏற்ற மரம் தொடர்ந்து கிடைத்தால்தான் நிற்கும். இன்று மர வெட்டு இயந்திரம் வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

காட்டிலிருந்து வயலுக்கு

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மர வெட்டின் இடத்தையே மாற்றியது. ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து எதிர்பார்க்காமல், விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. ஈரோட்டை அடுத்த பள்ளிபாளையத்தில் 1960களிலிருந்து இயங்கும் சேஷசாயி காகித ஆலையும், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் (டி.என்.பி.எல்.) வயல்களை நோக்கி வந்தன. கரும்புச் சக்கையை மூலப்பொருளாக வைத்துத் தொடங்கிய டி.என்.பி.எல்., 2004இல் பண்ணைக் காடு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சவுக்கும் தைலமரமும் அதன் முக்கிய மரங்கள்.

சவுக்கு தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் சென்னை நகரின் அடுப்புகளுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் விறகு வேண்டி, செங்கல்பட்டு முதல் தென்னாற்காடு வரையிலான மணல் நிலங்களில் சவுக்குத் தோப்புகள் பரவின. வேர் முடிச்சுகளில் வாழும் ஃப்ராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்குப் பிடித்துத் தருவதால், வளமில்லாத மணலிலும் சவுக்கு வளர்ந்தது. விறகாக எரித்தால் நின்று எரியும், சூடு அதிகம்.

அருகிலுள்ள காஞ்சிபுரத்துக்கும் சவுக்குக்கும் உள்ள உறவு இங்கிருந்து வந்ததுதான். திருவிழாவென்றால் பந்தக்கால், கட்டடமென்றால் சாரம், தளம் போட்டால் முட்டு என்று சவுக்குக் கம்பு இல்லாத வேலை இல்லை. பட்டு நூலின் பசையை நீக்கவும் சாயம் ஏற்றவும் கொப்பரைகளில் நீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அடுப்புகளுக்கும் விறகு வேண்டியிருந்தது. இன்று சாரத்துக்கு இரும்புக் குழாய் வந்துவிட்டது. கம்புக்கும் விறகுக்கும் இருந்த இடத்தைக் காகிதக் கூழ் பெருமளவு எடுத்துக்கொண்டது. சந்தை மாறியதும் அறுவடையின் தேவையும் மாறியது. பந்தல்காரருக்கு நேரான நீளக் கம்பு வேண்டும், விறகுக்கடைக்குக் காய்ந்த கட்டை வேண்டும், காகித ஆலைக்கு வேண்டியது பட்டை உரித்த பச்சை மரம்.

நாற்றில் கிடைத்த வெற்றி

1988இல் கோவையில் தொடங்கிய வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் சவுக்கின் தோற்றத்தையே மாற்றின. நாட்டுச் சவுக்கில் பட்டை கொப்புளம் கண்டு மரம் பட்டுப்போகும் பூஞ்சை நோய் பெரும் தொல்லையாக இருந்தது. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜங்குனியானா இனம் அந்த நோயைத் தாங்கியது. நேராகவும் வேகமாகவும் வளர்ந்தது. இரண்டையும் கலந்து உருவாக்கிய கோவை நிறுவனத்தின் சி.எச். வரிசைக் கலப்பினங்களும், மேட்டுப்பாளையத்தின் எம்.டி.பி. வரிசை ரகங்களும் விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்துள்ளன. தேர்ந்த தாய்மரத்தின் இளந்துளிரைக் கிள்ளி, வேர் ஊக்கி தொட்டு, ஈரம் காக்கும் கூடாரத்தில் வேர்விட வைக்கிறார்கள். எல்லா நாற்றும் தாயின் அச்சாக இருப்பதால் தோப்பு ஒரே சீராக வளர்கிறது.

2006இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தின் கீழ், மேட்டுப்பாளையம் நிலையம் தொழில்சார் வேளாண்காடு வளர்ப்புக்கான மதிப்புச் சங்கிலி ஒன்றை அமைத்தது. விவசாயி, ஆலை, வங்கி, ஆராய்ச்சி நிலையம் என்ற நான்கு தரப்பையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் அது கொண்டுவந்தது. நாற்றிலிருந்து ஆலை வரை எங்கெங்கே இழப்பு என்று பார்க்கும் பழக்கத்துக்கு அது வழி வகுத்தது. மர அறுவடையும் ஓர் ஆய்வுப் பொருள் என்ற எண்ணம் தமிழ்நாட்டின் வயல்களுக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

சீரான தோப்பு அறுவடைக்கும் உதவும். மரங்கள் ஒரே பருமனில் இருந்தால் வெட்டு வேகம் சீராகும், இயந்திரம் பொருத்துவது எளிதாகும். அந்த வாய்ப்பு இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை.

வெட்டு நாளின் கணக்கு

ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,800 கன்றுகள் பிடிக்கும். அறுவடையின்போது 1,600 மரங்கள் நிற்கின்றன, மொத்த விளைச்சல் 40 டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு மரத்தின் எடை சராசரியாக 25 கிலோ. அதாவது 40 டன்னுக்கு 1,600 முறை வெட்ட வேண்டும், 1,600 முறை கிளை கழிக்க வேண்டும், 1,600 மரத்துக்குப் பட்டை உரிக்க வேண்டும். வடநாடுகளின் ஊசியிலைக் காட்டில் ஒரே வெட்டில் இதைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் மரம் விழும். சவுக்கு வெட்டில் கூலிச் செலவு ஏன் கனக்கிறது என்பதற்கு இந்த எண்ணிக்கையே விளக்கம்.

அடுத்தது தூரம். வெட்டிய மரத்தை ஆள் தோளில் சுமந்து 100 மீட்டர் தள்ளி நிற்கும் டிராக்டருக்குக் கொண்டுபோகிறார், ஒரு நடைக்கு ஒரு மரம் என்று கொள்ளலாம். 1,600 நடை, ஒவ்வொன்றும் 100 மீட்டர். ஓர் ஏக்கருக்குச் சுமையோடு 160 கிலோமீட்டர், வெறுங்கையோடு திரும்பும் 160 கிலோமீட்டர். டிராக்டரை 50 மீட்டரில் நிறுத்த முடிந்தால் இந்த நடை பாதியாகும். நடும்போதே பத்து இருபது வரிசைக்கு ஒரு முறை வண்டி நுழையும் அகலத்தில் சந்து விட்டால் இது சாத்தியம். சந்துக்காக இழக்கும் மரங்களின் மதிப்பையும் மிச்சமாகும் கூலியையும் ஒப்பிட்டால் எத்தனை வரிசைக்கு ஒரு சந்து என்பது தெரியும். மேத்யூஸ் காட்டுக்குப் போட்ட அதே கணக்கு இது.

சாய்க்கும் திசையிலும் மிச்சம் பிடிக்கலாம். எல்லா மரத்தின் அடியும் வண்டி வரும் பக்கமே இருக்கும்படி வரிசை வரிசையாக ஒரே திசையில் சாய்த்தால், இழுக்கும்போது கிளை சிக்காது, மரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கண்டபடி விழுந்த தோப்பில் ஆட்களின் நேரம் மரத்தை விடுவிப்பதிலேயே போகும்.

தூரின் உயரம் பலரும் கவனிக்காத இழப்பு. குனிந்து வெட்டுவது சிரமம் என்பதால் கோடாரி வெட்டு தரையிலிருந்து ஒரு சாண் மேலே விழுவது வழக்கம். அடிமரத்தின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், தேவைக்கு மேல் விட்ட தூர் 10 சென்டிமீட்டர் என்றால், ஒரு மரத்தில் வீணாவது ஏறத்தாழ 800 கிராம் பச்சை மரம். 1,600 மரத்துக்கு அது ஒன்றேகால் டன். மரத்தின் மிகக் கனமான பகுதி அதுதான். பவர் ரம்பத்தால் தரையோடு ஒட்டி அறுத்தால் இந்த மரம் பெரும்பாலும் மிஞ்சும். கோடாரி வெட்டில் செதிலாகப் போகும் மரமும் மிஞ்சும்.

எல்லா மரத்துக்கும் இதே விதி பொருந்தாது. நாட்டுச் சவுக்கு வெட்டிய பிறகு நன்றாகத் துளிர்ப்பதில்லை, புதிதாகத்தான் நட வேண்டும். அதனால் தரையோடு அறுக்கலாம். தைலமரமோ தூரிலிருந்து துளிர்த்து இரண்டாவது, மூன்றாவது அறுவடை தரும். அங்கே தூரைச் சிறிது உயரம் விட்டு, நீர் தங்காதபடி சற்றுச் சாய்வாக, பட்டை கிழியாமல் அறுக்க வேண்டும். மழுங்கிய கோடாரியால் சிதைத்த தூரில் அழுகல் இறங்கும், அடுத்த பருவத்தின் விளைச்சலை அது குறைக்கும்.

பட்டையும் எடையும்

காகிதக் கூழுக்குப் போகும் மரத்தில் பட்டை ஒட்டியிருந்தால் கூழில் கரும்புள்ளி விழும், வெளுக்கும் ரசாயனம் அதிகம் செலவாகும். அதனால் பட்டை உரித்த மரத்துக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. வெட்டிய உடனே உரித்தால் பட்டை எளிதில் கழன்று வரும். காயக் காய மரத்தோடு இறுகிக்கொள்ளும். ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டால் உரிக்கும் நேரமும் கூலியும் ஏறிவிடும். வெட்டும் குழுவின் வேகமும் உரிக்கும் குழுவின் வேகமும் ஒத்துப்போக வேண்டும் என்பது நேர அளவீட்டு ஆய்வுகளின் அடிப்படைப் பாடம். ஒரு குழு முந்திக்கொண்டால் மற்றதன் முன் மரம் குவிந்து காயும்.

விலை டன் கணக்கில் போடப்படுகிறது. பச்சை மரத்தின் எடையில் கணிசமான பங்கு நீர். வெயில் காலத்தில் வெட்டி அடுக்கிய மரம் நாளுக்கு நாள் எடை இழக்கும். 20 டன் லோடு ஒன்று காத்திருப்பில் 15 சதவீத எடையை இழந்தால், எடைமேடையில் 3 டன் காணாமல் போகும். மரத்தின் நார் அப்படியே இருக்கிறது, ஆலைக்கு நஷ்டம் இல்லை. இழப்பு முழுக்க விற்பவருக்கு. வெளிநாட்டு ஆலைகள் பலவற்றில் வரும் லோடின் ஈரத்தை அளந்து, உலர் எடைக்கு விலை போடுகிறார்கள். அந்த முறையில் காத்திருப்பு விற்பவரைப் பாதிக்காது. பச்சை எடைக்கு விற்கும் இடத்தில் விவசாயிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, வெட்டுக்கும் எடைமேடைக்கும் இடையிலான நாட்களைக் குறைப்பது. லாரி உறுதியான பிறகே கோடாரி எடுக்க வேண்டும்.

ஆலைக்கு ஆகாத மெல்லிய நுனியும் மிலாறும் தனிக் கணக்கு. அவை விறகுக்கும் செங்கல் சூளைக்கும் போகின்றன. சருகையும் உரித்த பட்டையையும் வயலிலேயே விட்டால் மரம் மண்ணிலிருந்து எடுத்த சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் மண்ணுக்குத் திரும்பும். தென்னாப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் தைலமரத் தோட்டங்களில் பட்டையை வெட்டிய இடத்திலேயே உரித்து விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த இயந்திரம்?

ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் ஓட்டுநர் அறையில் ஒருவர் உட்கார்ந்து மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, கணினி சொல்லும் நீளத்துக்குத் துண்டு போடும் இயந்திரம் ஓடுகிறது. பின்னால் வரும் இன்னொரு வண்டி துண்டுகளை அள்ளிக்கொண்டு போகிறது. அதைத் தமிழ்நாட்டுச் சவுக்குத் தோப்புக்குள் இறக்கினால் கணக்கு சரிப்படாது. நிலம் ஏக்கர் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. வரப்பும் வாய்க்காலும் தாண்டி இயந்திரத்தை ஒரு தோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதிலேயே நாள் போகும். மரமும் மெல்லியது. கொச்சி டிராம்வேக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

இங்கே பொருந்துவது இடைநிலைக் கருவிகள். அறுக்கப் பவர் ரம்பம், டிராக்டர் விசையில் ஓடும் பட்டை உரிக்கும் இயந்திரம், லோடு ஏற்றச் சிறு கிரேன், எரிபொருள் சந்தைக்கென்றால் வயலிலேயே மிலாறைச் சீவும் நடமாடும் சில்லு இயந்திரம். இவற்றை ஒரு விவசாயி வாங்கினால் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே ஓடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ வாடகை மையமோ வாங்கி, அடுத்தடுத்த தோப்புகளின் வெட்டை ஒரே வாரத்தில் வரிசைப்படுத்தினால் இயந்திரத்துக்கு வேலையும் இருக்கும், லாரிக்கு முழு லோடும் கிடைக்கும். பயன்பாட்டு ஆராய்ச்சி தர வேண்டிய விடை இங்கேதான் இருக்கிறது: எந்தப் பருமனுக்கு எந்த இயந்திரம், ஆண்டுக்கு எத்தனை டன் ஓடினால் கட்டுப்படி, எத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு மையம்.

மண்ணும் மனிதரும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தாமல் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் நெல்லே பிரதானம். இத்தகைய நிலத்தில் மர வளர்ப்புக்கு இடம் கொடுத்தால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒன்று, மரத்துக்குப் பின் அந்த நிலம் நெல்லுக்குத் திரும்புமா என்பது. திரும்ப வேண்டுமென்றால் தூர் எடுக்கும் செலவையும் தொடக்கக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். இரண்டாவது, ஈரம். வடகிழக்குப் பருவமழை காலத்தில் களிமண் நிலத்துக்குள் பாரவண்டி இறங்கினால் மண் இறுகி, அடுத்த பயிரின் வேர் இறங்காது. ஏரிக்கரையிலும் வாய்க்கால் கரையிலும் லோடு வண்டி ஓட்டினால் கரை பலவீனப்படும். நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் மரம் எளிதாக வெளியேறிவிடாது. தோப்பிலிருந்து தார்ச்சாலை வரையிலான கடைசி அரை கிலோமீட்டர்தான் செலவைத் தீர்மானிக்கும். ஜனவரி முதல் கோடை மழைக்குள் வெட்டை முடிக்கும்படி நடவு நாளை அமைப்பதே பாதுகாப்பு.

கடலோரத் தோப்புகளில் புயலும் ஒரு கணக்கு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர், புதுச்சேரி கரையைக் கடந்த தானே புயலில் சவுக்குத் தோப்புகள் பெருமளவு சாய்ந்தன. ஒரே நாளில் எல்லாத் தோப்பும் விழுந்தால் ஆளும் லாரியும் போதாது, விலையும் சரியும். வெவ்வேறு வயதில் தோப்புகளைப் பிரித்து நடுவதும், புயலுக்குப் பின் அவசர வெட்டுக்குக் கருவியும் ஆட்களும் தயாராக இருக்க வட்டார அளவில் திட்டம் வைப்பதும் இந்தக் கடற்கரைக்கு அவசியம்.

மர வெட்டு எங்கும் ஆபத்தான தொழில். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1998இல் வனப் பணிகளுக்கென்றே தனிப் பாதுகாப்பு நெறிமுறை வெளியிட்டது. சவுக்கு வெட்டில் கூலி பெரும்பாலும் டன் கணக்கில் என்பதால் வேகம்தான் வருமானம். வேகம் கூடும்போது காயமும் கூடும். பவர் ரம்பத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும், காதுக்கவசம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பிடித்தால் செவி மந்தமாகும். அதன் அதிர்வு விரல்களின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். வெறுங்காலும் லுங்கியுமாக ரம்பம் பிடிப்பது தோப்புகளில் சாதாரணக் காட்சி. தலைக்கவசம், காதுக்கவசம், கால்கவசம், ரம்பம் எதிர்த்துத் தெறிக்காமல் பிடிக்கும் பயிற்சி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு லோடு மரத்தின் விலையை விடக் குறைவு.

இனி நடக்க வேண்டியது

ரகம் வெளியிடும்போது விளைச்சலோடு சேர்த்து, அந்த ரகத்துக்கு ஏற்ற நடவு இடைவெளி, வண்டிச் சந்து, வெட்டு முறை, பட்டை உரிப்பு நேரம் ஆகியவற்றையும் ஆராய்ச்சி நிலையங்கள் ஒரே கையேட்டில் தர வேண்டும். ஆலைகள் ஈரத்தை அளந்து உலர் எடைக்கு விலை போடும் முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேளாண் பொறியியல் துறையின் வாடகை மையங்களில் நெல் அறுவடை இயந்திரத்துக்கு இருக்கும் இடம் பட்டை உரிக்கும் இயந்திரத்துக்கும் கிடைக்க வேண்டும்.

அதுவரை, சவுக்கு விற்கப் போகும் விவசாயி மூன்று விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது: தூர் தரையோடு ஒட்டி அறுக்கப்பட வேண்டும், வெட்டிய நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும், எடைச்சீட்டின் நகல் தன் கைக்கு வர வேண்டும். மூன்றுக்கும் இயந்திரம் தேவையில்லை. ஏக்கருக்கு ஒன்றிரண்டு டன் அதிகமாகக் கிடைக்க இவை போதும்.